நட்டுவனாரின் தட்டுக்கழி

பரதநாட்டியம் பயிற்றும் ஆசானை நட்டுவனார் என்பர். அவர் முன்னே ஒரு மரப்பலகையும் கையில் ஒரு கோலும் இருக்கும். அக்கோலே தட்டுக்கழி. அது பலகையில் தட்டித் தாளம் காட்டுதற்கு உரியது; மாணவரை அடித்தற்கு அன்று. எனினும், அது சிற்சில வேளை வழி தவறியதுண்டு என முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன்.

பயிற்சி தட்டடவில் தொடங்கும். முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி, முதுகு நிமிர்ந்து, அரைமண்டியில் நின்று, 'தெய்யா தெய்' என்னும் சொற்கட்டுக்கேற்பப் பாதம் முழுதும் நிலத்தில் படத் தட்டுதல் வேண்டும். ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களில் ஆடுதல் வேண்டும். ஒரு காலத்தினும் அடுத்தது இருமடங்கு விரைவுடையது. இப்பயிற்சியைச் சிறு வயதிலேயே தொடங்குவதுதான் மரபு. ஆயினும், தஞ்சை நால்வர் வழிவந்த பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869-1954) ருக்மிணி தேவி பயிலப் புகுந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அவர் 1935-இல் அடையாற்றில் மேடையேறினார்.

மாணவர்களே, கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் இளமையில் யான் கண்டதைக் கூறுகிறேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாங்காலத்தில் தடுமாறினாள். அரைமண்டி தளர்ந்தது, கால் தாளத்திற்குப் பிந்தியது. உடன் பயின்றோர் அலாரிப்புக்குச் சென்றுவிட்டனர். அவள் மட்டும் அடவிலேயே நின்றாள். "எனக்கு ஆட்டம் வராது, தாத்தா, நாளை முதல் வரமாட்டேன்" என்று கண் கலங்கினாள்.

முதியவராகிய நட்டுவனார் அவளைக் கடியவில்லை. வெறும் புகழ்மொழி கூறித் தேற்றவும் இல்லை. தட்டுக்கழியைக் கீழே வைத்தார். "உட்கார், அம்மா. கையால் தாளம் போட்டு, வாயால் சொல்" என்றார். அவள் சொன்னாள். கால் பிழைத்த இடத்திலேயே நாவும் பிழைத்தது.

"பார்த்தாயா? பாவம், உன் காலை வீணாகக் குறை சொன்னோம்!" என்று அவர் நகைத்தார். அழுதவளும் நகைத்துவிட்டாள்.

மூன்று நாள் சொற்கட்டே பாடமாயிற்று. நான்காம் நாள் தட்டுக்கழியை அவள் கையிலேயே கொடுத்து, மூத்த மாணவியர் ஆடத் தாளம் தட்டுமாறு பணித்தார். அப்போது அவள் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை யான் மறந்தேனல்லேன். இலக்கணத்தில் இடர்ப்பட்ட மாணவனைப் பிறருக்குப் பாடஞ்சொல்ல வைக்கும் வழக்கத்தை யான் மேற்கொண்டதும் அதனாலேயே.

ஐந்தாம் நாள் அவள் தானே எழுந்து அரைமண்டியில் நின்றாள். ஆசான் முதற்காலத்திலிருந்தே தொடங்கினார். அவ்வாண்டு நவராத்திரியில் அவளும் அலாரிப்பு ஆடினாள்.