பெயர் காட்டாத படங்களில் ஒலித்த குரல்

பிறரைச் சிரிக்க வைப்பது எளிது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதற்கு எத்துணை உழைப்பும் பொறுமையும் வேண்டும் என்பதை அமெரிக்க நகைச்சுவை நடிகை பீ பெனடெரட்டின் வாழ்க்கை காட்டுகிறது.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்த இவர், சான் பிரான்சிஸ்கோ நகரில் வளர்ந்தார். அங்கே டொமினிக்கன் சபைக் கன்னியர் நடத்திய புனித ரோஸ் பெண்கள் பள்ளியில் பயின்றார். பின்னர் நடிப்புப் பயிற்சி பெற்று, 1926இல் கே.எப்.ஆர்.சி. வானொலி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். நடிப்பு, பாட்டு, எழுத்து, நிகழ்ச்சித் தயாரிப்பு ஆகிய எல்லா வேலைகளையும் அங்கே செய்தார். 1936இல் ஹாலிவுட் சென்று, ஆர்சன் வெல்ஸ், ஜாக் பென்னி முதலியோரின் வானொலி நிகழ்ச்சிகளில் துணை வேடங்கள் ஏற்றார். ஜாக் பென்னியின் தொலைபேசி அழைப்புகளுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே அவரைப் பற்றி வம்பளக்கும் பெண்ணாக வந்து மக்களைச் சிரிக்க வைத்தார்.

கார்ட்டூனும் குரலும்

1940களில் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் படங்களில் பல பெண் பாத்திரங்களுக்கு இவர் குரல் கொடுத்தார். டுவீட்டி என்னும் மஞ்சள் குருவியைப் பூனையிடமிருந்து காக்கும் பாட்டியம்மாவுக்கு 1950இல் முதன்முதலில் பேசியவரும் இவரே.

கார்ட்டூன் உருவாகும் முறையை இங்கே அறிந்துகொள்வது நன்று. டப்பிங் செய்வோர் முன்பே எடுத்த படத்தின் உதட்டசைவைப் பார்த்துப் பேசுவர். இந்தக் கார்ட்டூன்களிலோ முதலில் குரலைத்தான் பதிவு செய்தனர். ஒரு நொடிக்கு 24 படச் சட்டங்கள் என்ற கணக்கில் அவ்வொலியை அளந்து, வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தாளில் குறித்துக்கொண்டு ஓவியர்கள் வரைந்தனர். ஆகவே பேசும்போது நடிகையின் கண்முன் அசையும் படம் எதுவும் இராது. பாட்டியின் வயது, கோபம், அன்பு அனைத்தையும் குரலிலேயே காட்ட வேண்டும். அதைக் கேட்டே ஓவியர் முகபாவத்தை வரைவார்.

இவ்வளவு செய்தும் அப்படங்களில் இவர் பெயர் இடம்பெறவில்லை. குரல் கலைஞருள் மெல் பிளாங்க் என்பவரின் பெயரை மட்டுமே, ஒப்பந்தப்படி, திரையில் காட்டி வந்தனர். 1960இல் தொடங்கிய "பிளின்ட்ஸ்டோன்ஸ்" தொடரில் பிளாங்க் பார்னியாகவும், இவர் அவன் மனைவி பெட்டியாகவும் பேசினர். அதில் இருவர் பெயரும் வந்தன.

கைநழுவிய வேடம்

1950 முதல் பர்ன்ஸ்–ஆலன் தம்பதியரின் தொலைக்காட்சித் தொடரில் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இவர் நடித்து வந்தார். 1951இல் "ஐ லவ் லூசி" தொடரைத் தொடங்கிய லூசில் பால், எதெல் என்னும் தோழி வேடத்துக்கு இவரையே விரும்பினார். முன்பே வேறு தொடரில் ஒப்பந்தமாகியிருந்ததால் இவரால் அதை ஏற்க இயலவில்லை. அவ்வேடத்தில் விவியன் வான்ஸ் நடித்துப் பெரும்புகழ் பெற்றார். பெனடெரட்டோ தம் வேடத்தில் எட்டு ஆண்டுகள் குறையின்றி நடித்து, இருமுறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

பர்ன்ஸ்–ஆலன் தொடருக்குக் கதை எழுதிய பால் ஹென்னிங் இவருடைய திறமையை மறக்கவில்லை. அவர் 1963இல் உருவாக்கிய "பெட்டிகோட் ஜங்ஷன்" தொடரில் மூன்று மகள்களுடன் தங்கும் விடுதி நடத்தும் விதவைத் தாயாக, தலைமை வேடம் இவருக்குக் கிடைத்தது. அப்போது இவருக்கு வயது 57! நுரையீரல் புற்றுநோய் தாக்கிய பின்னும் சிகிச்சைக்கு இடையே நடிக்க வந்தார். 1968 அக்டோபர் 13ஆம் நாள் காலமானார்.

அன்புத் தோழியரே! ஆண்டு விழா நாடகத்தில் அரசி வேடம் கிடைக்காமல், திரைக்குப் பின்னே குரல் கொடுக்கும் வேலை கிடைத்தால் நம் முகம் வாடிவிடுகிறது. அவ்வேளையில் இவரை நினைத்துக்கொள்வோம். கிடைத்த வரிகளைத் திருத்தமாகப் பேசப் பழகுவோம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அவை தெளிவாகக் கேட்கட்டும்.