பழைய ஹீலியோஸ், புதிய கேமரா

பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை வாங்கித் தினமும் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் ஹீலியோஸ் 44-2-இல் தொடங்கலாம். சோவியத் நாட்டின் ஜெனித் கேமராக்களோடு வந்த 58 மி.மீ., எஃப்/2 லென்ஸ் இது. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரை அடியொற்றிச் செய்யப்பட்டது. பழைய சந்தையில் இன்றும் தாராளமாகப் புழங்குகிறது.

வாங்கப் போகும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசிக்குப் பயப்படாதீர்கள், படத்தில் தெரியாது. ஃபோகஸ் வளையம் இறுக்கமாகச் சுழன்றால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். சர்வீஸ் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

அடுத்தது அடாப்டர். இது எம்42 திருகு லென்ஸ். லென்ஸின் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும். மிரர்லெஸ் கேமராக்களில் அது 16 முதல் 20 மி.மீ. வரைதான், மீதியை வெறும் உலோக வளையமே ஈடுகட்டிவிடும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் இடைவெளி 46.5 மி.மீ. அதில் சாதாரண அடாப்டரைப் போட்டால் தொலைவில் இருப்பவை ஃபோகஸ் ஆகாது.

லென்ஸை மாட்டியும் ஷட்டர் இயங்கவில்லையா? மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படம் எடு’ என்ற வசதியை இயக்குங்கள். அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வையுங்கள். ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நடுக்கம் குறைக்கும் வசதி உடலிலேயே இருந்தால் 58 என்று பதியுங்கள். சென்சார் சிறியதானாலும் அதே 58தான்.

இனி ஃபோகஸ். இந்த லென்ஸில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். எண்கள் உள்ளதில் எஃப்/8 வைத்துவிட்டு, மற்றொன்றை முழுக்கத் திறந்து, திரையில் காட்சியைப் பெரிதாக்கிக் கண்ணின் இமை துல்லியமாகத் தெரியும்வரை ஃபோகஸைத் திருப்புங்கள். பிறகு அந்த இரண்டாம் வளையத்தை மூடினால் எஃப்/8-இல் போய் நிற்கும். தெருவில் இத்தனைக்கும் நேரமிருக்காது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/8, ஐந்து மீட்டர் என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய நான்கிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆள் அந்த எல்லைக்குள் வந்ததும் அழுத்த வேண்டியதுதான்.

இந்த லென்ஸின் அழகே எஃப்/2-இல்தான். ஆளை இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள். பின்னால் சற்றுத் தள்ளி, இலை நடுவே வெயில் சிதறும் மரம் இருக்கட்டும். ஓரங்களில் அந்த ஒளிப்புள்ளிகள் சுழன்று நிற்கும். எந்த மென்பொருளின் பூச்சும் எனக்கு இந்த நிறைவைத் தந்ததில்லை. எதிர்வெயிலில் படம் வெளுத்தால் 49 மி.மீ. ஹூட் மாட்டுங்கள்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் லென்ஸைத் தோல் உறையில் வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் புதிதாகப் போடுங்கள்.