காலம் கடந்த மருந்தும் முதியோர் இல்லங்களும்

சரக்கின் ஆயுளை அறிந்தவனே வியாபாரி. பழைய மூட்டையை முன்னே தள்ளிப் புதிய மூட்டையைப் பின்னே அடுக்குவது நம் கடைகளில் முதல் நாளே கற்கும் பாடம். மருந்து விஷயத்தில் மட்டும் அதனை நாம் மறந்துவிடுகிறோம்.

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரெஸ்ஸர் தம் கையால் மருந்தை அளந்து கொடுத்தார். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாகியும் மறைந்துவிட்டன. அங்கே உழைத்து மூப்படைந்தோரில் சிலர் இன்று ஈப்போவிலும் சுற்றூர்களிலும் உள்ள முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். அவ்வில்லங்களுக்கு அரிசியும் பால்மாவும் அனுப்பும் நம்மவர், வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளையும் அதே பெட்டியில் போடுவதுண்டு. எண்ணம் நல்லதே; விளைவு நல்லதன்று.

காலாவதியான மருந்தெல்லாம் விஷமாகிவிடும் என்பது சரியன்று. பெரும்பாலானவை வீரியம் குன்றும். ஆபத்தும் அதில்தான் உள்ளது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வீரியமிழந்திருந்தால், வேண்டிய வேளையில் அது கைவிட்டுவிடும். விஷமானதும் உண்டு: கெட்டுப்போன டெட்ராசைக்ளின் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதை 1963-இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது.

ஆதலின் நாம் கவனிக்க வேண்டியவை:

1. அட்டையில் 'தாரிக் லுபுட்' என்பதைப் பார்க்கவேண்டும். மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அம்மாதக் கடைசி நாள் வரையே கெடு.

2. அந்தத் தேதி திறக்காத மருந்துக்கே உரியது. கண் சொட்டு மருந்தும் இன்சுலினும் திறந்தபின் பெரும்பாலும் நான்கு வாரங்களே பயன்படும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும்.

3. தகரக் கூரையின் கீழும், வெயில்படும் கண்ணாடிப் பெட்டியிலும் மருந்தை வைத்தல் கூடாது. வெப்பமும் ஈரமும் கெடு நாளுக்கு முன்பே அதைக் கெடுத்துவிடும்.

4. பதிவு பெற்ற மருந்தில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அஃதில்லாததை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

5. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தல் தகாது. மிஞ்சியதை அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைக்கலாம்.

இல்லங்களுக்கு உதவ விரும்புவோர் பொறுப்பாளரைக் கேட்டு, வேண்டிய மருந்துக்கு உரிய பணத்தைக் கொடுப்பதே மேல். மருந்துப் பேழையைத் தேதிப்படி அடுக்கி, மாதம் ஒருமுறை சரிபார்க்கும் முறையையும் நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கடையில் நாம் தினமும் செய்யும் வேலைதானே அது!

கண் மங்கிய முதியவர் அட்டையிலுள்ள சிறிய எழுத்தைப் படிக்கமாட்டார். கொடுத்த கையையே நம்பி விழுங்குவார். அந்த நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம். அதனைப் பேணுவோமாக.