தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், தங்கச்சி!

விசா வந்தாச்சு, பெட்டியில பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் ஏறியாச்சுன்னு நீ போன்ல சொன்னப்போ மனசு நிறைஞ்சிடுச்சு. கூடவே, நீ கிளம்புறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடணும்னு தோணுச்சு.

நான் வெளிநாட்டு வேலைக்குப் போன முதல் மாசம். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"ன்னு மேலதிகாரி கேட்டார். நம்ம வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எனக்கு அது 'சரிங்க'. அவருக்கு அது 'முடியாது'. அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி அழுதேன். இங்கிலீஷுக்குப் பரீட்சை வெச்சு அனுப்புறாங்க. கையும் தலையும் பேசுற பாஷையை யாரும் சொல்லித் தர்றதில்லை. அதான் நான் சொல்றேன்.

1. தலையோட வாயும் பேசட்டும்
நம்ம தலையாட்டல் நம்ம ஊருக்கு வெளியே பலருக்குப் புரியாது. பல்கேரியாவுல தலையை மேலும் கீழும் அசைச்சா 'இல்லை', பக்கவாட்டுல அசைச்சா 'ஆமா'. கிரீஸ்லயும் துருக்கியிலயும் தலையை மேல்நோக்கி லேசா நிமிர்த்தினாலே 'இல்லை'. அதனால எந்த ஊரா இருந்தாலும் பதிலை முழுசா வாயால சொல்லிடு: "சரி, வெள்ளிக்கிழமை தந்துடறேன்." இந்த ஒரு பழக்கம் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

2. கண்ணைப் பார்த்துப் பேசு, முறைக்காதே
பெரியவங்க முன்னாடி கண்ணைத் தாழ்த்துறது நமக்கு மரியாதை. அமெரிக்காவுலயும் ஜெர்மனியிலயும் நேர்காணல்ல அப்படி உட்கார்ந்தா, தன்னம்பிக்கை இல்லைன்னு நினைச்சிடுவாங்க. ஜெர்மனியில ஜூஸ் கிளாஸை மோதி 'சியர்ஸ்' சொல்லும்போதுகூட எதிராளி கண்ணைப் பார்க்கணும். ஆனா ஜப்பான்ல ரொம்ப நேரம் உத்துப் பார்த்தா சங்கடப்படுவாங்க. பதில் சொல்லும்போது பாரு, யோசிக்கும்போது பார்வையை மாத்திக்கோ.

3. ஒரு கை தூரம்
பேசும்போது ஒருத்தருக்கொருத்தர் விடுற இடைவெளியைப் பத்தி, எட்வர்ட் ஹால்ங்கற அமெரிக்க மானிடவியலாளர் 1966-லயே ஒரு புத்தகம் போட்டார். அவர் கணக்குப்படி அமெரிக்கர்கள் நண்பர்களோட பேசுற தூரம் சுமார் 45 சென்டிமீட்டர்ல இருந்து 1.2 மீட்டர் வரை. அலுவல் பேச்சுக்கு இன்னும் தள்ளி நிப்பாங்க. வரிசையில நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒட்டி நிக்காதே. அரபு நாட்டுக்காரங்க பக்கத்துல வந்து பேசினா, சட்டுனு பின்வாங்காதே. அது அவங்க நட்பு.

4. விரலைக் கட்டி வை
கட்டைவிரலை உயர்த்திக் காட்டுறது ஈரான்ல வழிவழியா வசவுக்கான சைகை. விரலை வளையமாக்கி 'ஓகே' காட்டினா பிரேசில்ல ஆபாசம், ஜப்பான்ல பணம். 1992-ல அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஆஸ்திரேலியாவுல, புறங்கை வெளியே தெரியுற மாதிரி ரெண்டு விரலைக் காட்டினார். அவர் காட்டினது வெற்றிச் சின்னம். அங்கே அது திட்டு. ஒரு நாட்டு அதிபருக்கே அந்த நிலைமைன்னா நாம கவனமா இருக்கணும்ல? இன்னொண்ணு, ஜெர்மனி பேக்கரியில கட்டைவிரல்தான் 'ஒண்ணு'. மலேசியாவுல ஆள்காட்டி விரலுக்குப் பதிலா, விரல்களை மடக்கி அது மேல கட்டைவிரலை வெச்சுத் திசை காட்டுறது மரியாதை.

5. கூப்பிடும் விதம்
உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைச்சு 'வா'ன்னு கூப்பிடுற நம்ம வழக்கம் ஜப்பான்லயும் பிலிப்பைன்ஸ்லயும் அப்படியே செல்லும். மேற்கத்திய நாடுகள்ல சிலருக்கு அது 'போ'ன்னு தெரியும். ஒத்தை விரலை மடக்கி பிலிப்பைன்ஸ்ல யாரையும் கூப்பிட்டுடாதே. நாயைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க.

6. கை, கால், தலை
ஜப்பான்ல விசிட்டிங் கார்டை ரெண்டு கையாலயும் வாங்கு, வெற்றிலை பாக்கு வாங்குற மாதிரி. வாங்கினதும் படி, பின்பாக்கெட்டுல திணிக்காதே. சாப்பாட்டுக் குச்சியைச் சோத்துல செங்குத்தா குத்தி வைக்காதே, அது இறந்தவங்களுக்குப் படைக்கிற முறை. தாய்லாந்துல குழந்தை அழகா இருக்கேன்னு தலையைத் தடவாதே, யாரை நோக்கியும் பாதத்தை நீட்டாதே. அரபு நாடுகள்ல ஆண்கள் கை நீட்டாம நெஞ்சுல கை வெச்சா, அதுவும் வணக்கம்தான். நீயும் அப்படியே செய்.

7. சிரிப்பும் மௌனமும்
ரஷ்யாவுல முன்பின் தெரியாதவங்களைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் குறைவு. கடைக்காரம்மா சிரிக்கலைன்னா உன்மேல கோபம்னு நினைக்காதே. பின்லாந்துல, ஜப்பான்ல பேச்சுக்கு நடுவுல மௌனம் வந்தா நிரப்பத் துடிக்காதே. அவங்க யோசிக்கிறாங்க.

இத்தனையும் ஒரே நாள்ல மனசுல நிக்காது. முதல் வாரம் கேன்டீன்ல உட்கார்ந்து மத்தவங்க கையை, கண்ணை, நிக்கிற தூரத்தைக் கவனி. தப்பு நடந்துட்டா "மன்னிச்சுக்கோங்க, எங்க ஊர்ல இதுக்கு வேற அர்த்தம்"னு உடனே சொல்லிடு. பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும்.

எதிராளி செய்யுறது உனக்கு உறுத்தினாலும், மனசுல வெச்சுக்காம கேட்டுடு. "ஆமாவா, இல்லையா?"ன்னு அன்னைக்கு என் மேலதிகாரியும் கேட்கலை, நானும் சொல்லலை. நாளைக்கு உன் மேஜைக்கு எதிர்ல புதுசா ஒருத்தங்க வந்து உட்காருவாங்க. அவங்ககிட்ட நீ கேளு.