வரப்பில் ஓர் ஈயைப் பதிவு செய்வது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தில் பறவைகளை எண்ண ஆள் இருக்கிறது. 2022-இல் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஆனால் கரையில் தும்பைப் பூவுக்கு வரும் ஈயை எழுதிவைப்பவர் அபூர்வம்.

வெயில் ஏறத் தொடங்கும்போது விளையிலோ வரப்பிலோ பூத்த செடி ஒன்றின் பக்கத்தில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மஞ்சளும் கறுப்புமாகக் குளவி மாதிரி ஒன்று அந்தரத்தில் அப்படியே நிற்கும். சட்டென்று விலகும், திரும்பி அதே இடத்துக்கு வரும். கொட்டாது. குளவிக்கும் தேனீக்கும் இரண்டு ஜோடி இறக்கை, இதற்கு ஒரு ஜோடிதான். உணர்கொம்பு குட்டை. கண்கள் ஆணுக்குப் பெரும்பாலும் உச்சந்தலையில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி தெரியும். வேளாண் துறையினர் சிர்ஃபிட் ஈ என்பார்கள். பயற்றங்கொடியில் அசுவினி அப்பிக் கிடந்தால் உற்றுப் பாருங்கள். காலில்லாத சிறு புழு ஒன்று அசுவினியைக் கவ்வித் தூக்கிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்; அது இந்த ஈயின் பிள்ளை. மருந்தடிக்கும் முன் அதையும் படமெடுங்கள். (மருந்து தேவையா என்பதையும் அப்போதே யோசிக்கலாம்.)

மொபைல் போதும். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் நெருங்குங்கள். தூரத்திலிருந்தே முதல் படம். பறந்துவிட்டாலும் ஒன்று மிஞ்சும். பிறகு முதுகு, பக்கவாட்டு, முகம்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், பூ, என்ன செய்துகொண்டிருந்தது என்பவை வேண்டும். இடத்துக்கு ‘நாகர்கோவில்’ என்று எழுதினால் பயனில்லை. ‘பறக்கை குளம், தென்கரை, வாழைத்தோப்பு ஓரம்’ என்று எழுதுங்கள்.

பிறகு உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படங்களை ஏற்றுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் வேண்டாம். தேதியும் இடமும் அதில் உதிர்ந்துபோயிருக்கும். வீட்டு முற்றத்துப் படமென்றால் இடத்தை மறைக்கும் வசதி உண்டு. செயலி ஒரு பெயரை நீட்டும், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். சிர்ஃபிடே குடும்பம் என்று நிறுத்தினால் போதும், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

அதே செடிக்கு வாராவாரம் போங்கள். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே வாய்த்த மாவட்டம் இது. எந்த மழைக்குப் பின் எது வருகிறது என்பது தொடர்ந்து எழுதினால்தான் தெரியும். ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். தட்டான், தவளை, சிலந்திக்கும் இதே முறைதான். காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். அங்கே எதையும் பிடிக்கக் கூடாது.