சத்தம் இல்லை என்றால் காலி என்று யார் சொன்னது?

பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவில் வருஷம் தவறாமல் வரும் தலைப்பு, காக்னிட்டிவ் ரேடியோ. கூடவே ஒரு வாக்கியமும் வரும்: “கருவியே காற்றைக் கேட்டுப் பார்க்கும் சார். சிக்னல் இல்லை என்றால் அந்த அலைவரிசை காலி. எடுத்துக்கொள்ளும்.” பின்னால் மேட்லாபில் போட்ட எனர்ஜி டிடெக்‌ஷன் வரைபடம் அழகாக வளைந்து நிற்கும். இதே சரக்கு கொஞ்சம் மசாலா கூடி வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. இனி அலைக்கற்றைக்கு ஏலமும் வேண்டாம், உரிமமும் வேண்டாம், ஃபோனே மோப்பம் பிடித்துக்கொள்ளுமாம்.

பிடிக்காது.

இடையூறு யாரைப் பாதிக்கிறது என்று யோசித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். டிவி கோபுரத்தின் அடியில் நின்று நீங்கள் எதை ஒலிபரப்பினாலும் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது. படம் உடைவது யார் வீட்டு டிவியிலோ. அந்த டிவியோ வாயே திறக்காது. கச்சேரியில் ரசிகர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக அவர் நாற்காலியைக் காலி என்று இழுப்பீர்களா? ஊட்டிக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்பதுதான் அதன் வேலை. ஒரு சிக்னலும் அனுப்பாது. உங்கள் மோப்பக் கருவியை அதன் வாசலிலேயே வைத்தாலும் ‘காலி’ என்றுதான் சொல்லும்.

சரி, டிவி கோபுரத்தின் சிக்னலையாவது கேட்கலாமே என்பீர்கள். மாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தவருக்குப் படம் பளிச்சென்று வரும். கீழே, நாலு சுவருக்குள் இருக்கும் உங்கள் கருவிக்கு அதே சிக்னல் எட்டாமல் போகலாம். ஆள் இல்லை என்று நினைத்து அது பேச ஆரம்பித்தால் மாடிக்காரர் படம் போச்சு. இதற்குப் பயந்துதான் அமெரிக்காவின் அலைவரிசை ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி, 2008ல் டிவி அலைவரிசைகளின் காலி இடங்களைத் திறந்துவிட்டபோது, கருவிகள் மைனஸ் 114 டிபிஎம் வரை கேட்க வேண்டும் என்று விதித்தது. அங்கே டிவி சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலத்தில் எந்த ரிசீவரிலும் இருந்தே தீரும் வெப்ப இரைச்சல் சுமார் மைனஸ் 106. அதாவது இரைச்சலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத சிக்னலைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்கள்.

“ரொம்ப நேரம் கேட்டால் கிடைக்குமே சார்” என்பார் கெட்டிக்கார மாணவர். இரைச்சலின் அளவு அட்சரசுத்தமாகத் தெரிந்தால் கிடைக்கும். தெரியாதே! கருவி சூடானாலே அது மாறும். அந்த அளவில் துளி சந்தேகம் இருந்தாலும், ஓர் எல்லைக்குக் கீழே யுகக்கணக்கில் கேட்டாலும் எனர்ஜி டிடெக்‌ஷன் தேறாது என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ராகுல் டாண்ட்ராவும் ஆனந்த் சஹாயும் 2008லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். மேட்லாபில் இரைச்சலைப் போட்டதே நீங்கள். வளைவு அழகாக வராமல் என்ன செய்யும்?

எஃப்சிசியும் 2010ல் இறங்கி வந்தது. தான் நிற்கும் இடம் தெரிந்து, எங்கே எந்தச் சேனல் காலி என்று தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளும் கருவி, காற்றைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. காதை மட்டுமே நம்பும் கருவிக்கு 50 மில்லிவாட்டுக்கு மேல் அனுமதி கிடையாது. இந்தியாவில் 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 15 சேனல்களில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் குறைந்தது 12 காலி என்று ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் சொன்னதும் தூர்தர்ஷன் கோபுரங்களின் இடம், உயரம், சக்தியை வைத்துக் கணக்குப் போட்டுத்தான்.

கேட்டு விலகும் வித்தை ஓரளவு பலிப்பது ரேடாரிடம். அதற்குக் குரலும் பெரிது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே இடத்தில். அமெரிக்க, ஐரோப்பிய விதிப்படி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரவுட்டரில் 100ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நிமிஷம் நெட்வொர்க் பெயரே தெரியாது. ரவுட்டர் செத்துவிட்டது என்று பிளக்கைப் பிடுங்க வேண்டாம். ரேடார் இருக்கிறதா என்று அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்புறம் எப்போது ரேடார் கேட்டாலும் 10 நொடிக்குள் விலகி, 30 நிமிஷம் அந்தச் சேனலில் தலைகாட்டக் கூடாது.

அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ரேடாரோடு பகிரும் ஏற்பாட்டிலும் ஃபோன் எதையும் மோப்பம் பிடிப்பதில்லை. கடலோரத்தில் இதற்கென்றே நிறுத்திய சென்சார்கள் கேட்டுச் சொல்ல, சர்வர்தான் பேஸ் ஸ்டேஷன்களை விலக வைக்கிறது. அந்த சென்சார்களின் காதில் விழ வேண்டுமே என்று அவற்றைச் சுற்றியுள்ள பேஸ் ஸ்டேஷன்கள் குரலைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. ஏலம் ஒழியும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: இதே பகிர்வு அலைக்கற்றையின் ஒரு பகுதியை 2020ல் ஏலம் விட்டதில் சுமார் 458 கோடி டாலர் வந்தது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். செல்பேசி நிறுவனங்கள் டிஎஸ்எஸ் என்று விளம்பரப்படுத்துவது, ஒரே நிறுவனம் தன் சொந்த அலைக்கற்றையை 4ஜிக்கும் 5ஜிக்கும் பங்கு போடுவது. அடுத்த வீட்டுச் சரக்கைத் தொடாது. இரண்டுக்கும் குறிப்புச் சிக்னல் அனுப்பும் செலவில் வேகம் கொஞ்சம் குறையவே செய்யும். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா அலைக்கற்றைப் பகிர்வுக்கு நடத்திய போட்டியைக் காட்டுவார்கள். 2019ல் புளோரிடா பல்கலைக்கழக அணி ஜெயித்தது உண்மை. ஆனால் அதில் ரேடியோக்கள் தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்ளத் தனிப் பாதையே போட்டுக் கொடுத்திருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு இருக்கும் ஆத்திரமெல்லாம் ரிசீவரைப் பற்றி யாரும் பேசாததில்தான். 2022 ஜனவரியில் 5ஜிக்குப் பயந்து சில விமான நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான பயணங்களை ரத்து செய்தன. 5ஜி நின்றது 3980 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. விமானத்தின் உயரமானிக்கு உரியது 4200க்கு மேலே. நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தும், தன் எல்லைக்கு வெளியே இருப்பதையும் காதில் வாங்கும் பழைய உயரமானிகளால் வந்த பயம் அது. பிறகு ஃபில்டர் மாட்டினார்கள். ஐரோப்பா ரேடியோ கருவிகளுக்கான 2014 உத்தரவிலேயே ரிசீவரின் தரத்தையும் சேர்த்துவிட்டது. எஃப்சிசி 2023ல் கொள்கை அறிக்கையோடு நிறுத்திக்கொண்டது. பகிர்வு, பகிர்வு என்று பேசுகிறவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்: பக்கத்துச் சேனல் எத்தனை டெசிபெல் அதிகமாகக் கத்தும் வரை இந்த ரிசீவர் தாங்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சடிக்க வைப்பதற்கு என்ன தடை?