பெற்ற பிள்ளையும் வளர்த்த பிள்ளையும்

மக்கட்பேறு அல்லாஹ் தன் அடியார்களுக்கு அருளும் நிஅமத்துகளில் தலையாய ஒன்று. அதனைப் பெற்றவர்கள் பல வேளைகளில் அதன் அருமையை உணர்வதில்லை. பெறாதவர்களோ ஊராரின் நாவுக்கு அஞ்சியே நாட்களைக் கழிக்கின்றனர். அத்தகையோர் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க எண்ணினால், 'தத்து எடுப்பது நம் மார்க்கத்தில் ஹராமாயிற்றே!' என்று ஒரு சாரார் தடுத்துவிடுகின்றனர். 'எடுத்து வளர்த்துவிட்டால் அது நம் பிள்ளைதான். பிறந்த கதையை யாரும் வாய் திறக்கலாகாது' என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இரு சாராரும் பாதியை மட்டுமே அறிந்தவர்கள். ஷரீஅத் தடுத்தது எதனை, ஏவியது எதனை என்பதை நாம் பிரித்தறிய வேண்டும்.

கொடுப்பவன் அல்லாஹ்

வானங்கள், பூமியின் ஆட்சி அல்லாஹ்வுக்கே உரியது. தான் நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், நாடியவர்களுக்கு ஆண் மக்களையும், நாடியவர்களுக்கு இரு பாலரையும் கொடுக்கிறான். நாடியவர்களைப் பிள்ளையற்றவர்களாகவும் ஆக்குகிறான் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் 42ஆம் அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்கள் உரைக்கின்றன. இதனை ஓதிக்கொண்டே, பிள்ளையில்லாக் குறைக்கு மருமகளை மட்டும் பொறுப்பாக்கி ஏசுவது எவ்வளவு பெரிய முரண்பாடு! குறை கணவனிடமும் இருக்கலாம் என்று மருத்துவம் தெளிவாகக் கூறுகிறது.

முஃமின்களின் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுக்கு 'உம்மு அப்தில்லாஹ்' என்னும் குன்யத்தை, அவர்களுடைய சகோதரி மகன் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) பெயரால் சூட்டிக் கொள்ள அனுமதித்தார்கள். பிள்ளை பெறாத பெண்மணியும் 'உம்மா' என அழைக்கப்படத் தகுதியுடையவரே என்பது இதில் நமக்குக் கிடைக்கும் படிப்பினை. தந்தையை இழந்த தம் சகோதரர் மகன் காஸிம் பின் முஹம்மதை அன்னையவர்களே வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை மதீனாவின் புகழ்பெற்ற ஏழு ஃபுகஹாக்களில் ஒருவராய்த் திகழ்ந்தது.

மர்யமும் ஜகரிய்யா நபியும்

பெற்ற பிள்ளை மேலா, வளர்த்த பிள்ளை மேலா என்று வாதிடுவோர், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 37, 38ஆம் வசனங்களை ஒருசேர ஓதிப் பார்க்கட்டும். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அதனைக் குறிக்க இறைமறை கையாளும் சொல்லிலிருந்தே 'கஃபாலத்' என்னும் சட்டச் சொல் வந்தது. பொறுப்பேற்றல் என்பது அதன் பொருள்.

அந்தக் குழந்தைக்கு அல்லாஹ் அளித்த உணவைக் கண்டபோதுதான், அதே இடத்தில், முதிய வயதினரான ஜகரிய்யா (அலை) தமக்கும் ஒரு நல்ல சந்ததி வேண்டுமென்று துஆ கேட்டார்கள். யஹ்யா (அலை) பிறந்தார்கள். சொந்தப் பிள்ளையை விரும்புவது குற்றமன்று; நபியே விரும்பியிருக்கிறார்கள். அந்த விருப்பம் வளர்க்கும் பிள்ளையின் மதிப்பைக் குறைக்கவுமில்லை. உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்னும் சிறப்பு அந்த வளர்ப்பு மகளுக்கே கிட்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நபியின் பொறுப்பில் வளர்ந்தும் அவர்களின் தந்தை பெயர் மாறவில்லை. 66ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனம் அவர்களை 'இம்ரானின் மகள் மர்யம்' என்றே அழைக்கிறது. அன்பு வளர்த்தவரிடமிருந்து, பெயர் பெற்றவரிடமிருந்து. இதுவே ஷரீஅத்தின் வழி.

ஜைது (ரலி) வரலாறு தரும் பாடம்

ஜைது பின் ஹாரிதா (ரலி) கல்பு கோத்திரத்தவர். சிறுவராயிருக்கையில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்டார்கள். கதீஜா நாயகி (ரலி) வழியாக நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். பின்னர் தந்தையும் சிறிய தந்தையும் மக்காவுக்கு வந்து, பணம் தந்து மீட்டுச் செல்ல விரும்பினர். நாயகம் (ஸல்) அவர்கள் முடிவை ஜைதிடமே விட்டார்கள். ஜைது, பெற்றவருடன் செல்லாமல் வளர்த்தவரிடமே இருக்க விரும்பினார்கள். அப்போது அண்ணலார் மக்கள் முன்னிலையில் அவர்களைத் தம் மகனென அறிவித்தார்கள். அன்று முதல் மக்கள் 'ஜைது பின் முஹம்மது' என்றே அழைத்து வந்தனர்.

பிறகு அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழையுங்கள், அதுவே அல்லாஹ்விடத்தில் நீதியானது என்பதும், தந்தை யாரெனத் தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பதும் அவற்றின் கருத்து. மீண்டும் 'ஜைது பின் ஹாரிதா' ஆனார்கள். பெயர் திரும்பியது, அன்பு திரும்பிவிட்டதா? இல்லை! ஹிஜ்ரி 8இல் மூத்தாப் போருக்கு முதல் தளபதியாக அவர்களையே நாயகம் (ஸல்) நியமித்தார்கள். அங்கேயே அவர்கள் ஷஹீதானார்கள். ஹிஜ்ரி 11இல் அவர்களின் இளம் மகன் உஸாமா (ரலி) மூத்த ஸஹாபாக்கள் உள்ள படைக்குத் தலைவரானார்கள். ஸஹாபாக்களில் திருக்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர் ஜைது (ரலி) ஒருவரே. மாற்றப்பட்ட பெயரை இழந்தவருக்குத் தன் வேதத்திலேயே நிலையான பெயரை அல்லாஹ் தந்தான்.

எனவே தடுக்கப்பட்டது வம்சத்தை மாற்றுவது; வளர்ப்பதன்று. அனாதையின் பொறுப்பை ஏற்றவரும் தாமும் சுவனத்தில் நெருங்கியிருப்போம் எனக் கூறி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் அண்ணலார் காட்டிய ஹதீஸ் புகாரியில் உள்ளது. செயற்கைக் கருத்தரிப்புப் பற்றி 1986இல் அம்மான் நகரில் கூடி ஆராய்ந்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவையும், மணவாழ்வில் உள்ள கணவன் மனைவிக்கிடையே மட்டும் தேவைக்கேற்ப அனுமதித்து, மூன்றாமவரின் விந்தோ கருமுட்டையோ கலப்பதைத் தடுத்தது. வம்சம் கலவாதிருக்க வேண்டும் என்னும் அடிப்படையே அங்கும் நிற்கிறது.

மறைப்பது அன்பாகுமா?

'உண்மை தெரிந்தால் பிள்ளை மனம் உடைந்துவிடும்' என்று சிலர் அஞ்சுகின்றனர். உண்மை என்றேனும் வெளிவராமல் போவதில்லை. சொத்துத் தகராறின்போது ஒரு சாச்சாவின் வாயிலிருந்தோ, நிக்காஹ் பேசும்போது அண்டை வீட்டாரின் வாயிலிருந்தோ அது வரும். அன்று உடைவது பிள்ளையின் மனம் மட்டுமா? இருபது ஆண்டுகால நம்பிக்கையும் உடைந்துவிடும். விவரம் அறியும் வயதிலேயே, 'உன்னை அல்லாஹ் எங்களிடம் அமானிதமாகத் தந்தான்' என்று வளர்த்தவர்களே அன்புடன் சொல்லி வைப்பதுதான் சிறந்தது. தன் வம்சத்தை அறிவது பிள்ளையின் உரிமை. அறியாமல் சொந்த உடன்பிறப்பையே மணந்துகொள்ளும் ஆபத்தும் இதனால் நீங்குகிறது.

நிக்காஹ்வின்போது தஃப்தரில் பெற்ற தந்தையின் பெயரே எழுதப்பட வேண்டும். வளர்த்தவர் வலீ ஆகமாட்டார். ஆனால் உரிய வலீ அவரை வக்கீலாக்கினால் அவரே நிக்காஹ் செய்து கொடுக்கலாம். வலீ எவரும் இல்லையேல் காஜியை அணுக வேண்டும்.

பர்தாவும் பால்குடி உறவும்

வளர்ப்பதால் மட்டும் மஹ்ரம் உறவு உண்டாவதில்லை. ஆனால் பால்குடி உறவு என்னும் வாசலை ஷரீஅத் திறந்து வைத்திருக்கிறது. குழந்தைக்கு 2 வயது நிறைவதற்குள் இதனைச் செய்துகொள்வது பேணுதல். ஷாஃபிஈ மத்ஹபில் தனித்தனியே 5 முறை பாலருந்தியிருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும்.

யார் பாலூட்டுவது என்பதை யோசித்துச் செய்ய வேண்டும். ஆண் குழந்தையாயின் மனைவியின் சகோதரி பாலூட்டட்டும். அப்போது மனைவி அவனுக்குத் தாயின் சகோதரியாகி மஹ்ரம் ஆவார். பெண் குழந்தையாயின் கணவனின் சகோதரி பாலூட்டட்டும். அப்போது கணவன் அவளுக்குத் தாய்மாமனாகி மஹ்ரம் ஆவார். பெண் குழந்தைக்கு மனைவியின் சகோதரி பாலூட்டினால் இந்தப் பலன் கணவனுக்குக் கிட்டாது. எனவே ஓர் ஆலிமைக் கலந்துகொண்டு, குழந்தை வீட்டுக்கு வந்தவுடனேயே ஏற்பாடு செய்வது நல்லது.

சொத்தில் பங்கு இல்லை, வழி உண்டு

வளர்ப்புப் பிள்ளை வாரிசாகாது. இதனை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதால்தான், வளர்த்தவர் மவ்த்தான மறுநாளே பிள்ளை தெருவில் நிற்கும் அவலம் நேர்கிறது. வாரிசல்லாதவருக்குச் சொத்தில் 3இல் 1 பங்கு வரை வஸிய்யத் செய்ய மார்க்கம் இடம் தருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பெற்ற பிள்ளைகள் இல்லாத ஒருவர் இறக்கிறார். பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர்; மனைவியும், உடன்பிறந்த ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும் உள்ளனர். அடக்கச் செலவும் கடனும் போக மீதி ரூ. 12 லட்சம். வளர்ப்பு மகளுக்கு வஸிய்யத்தாக ரூ. 4 லட்சம் வரை சேரும். மீதி 8 லட்சத்தில் மனைவிக்குக் கால் பங்கு 2 லட்சம். சகோதரருக்கு 4 லட்சம். சகோதரிக்கு 2 லட்சம். வஸிய்யத்தே செய்யாதிருந்தால் அந்த மகளுக்கு உரிமையாக ஒரு காசும் இல்லை!

வாழும்போதே ஹிபாவாகக் கொடுப்பது மற்றொரு வழி. கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், பொருளைக் கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் அதில் நிறைவேற வேண்டும். எனினும் வாரிசுகளை வெறுங்கையராக்கும் எண்ணம் இதில் கலக்கலாகாது.

நாட்டுச் சட்டம்

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயது வரை காப்பாளராக இருக்கும் உரிமையை நீதிமன்றத்தில் பெறலாம். கஃபாலத்துக்கு நெருக்கமான வழி இது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம். இதற்கு முந்தைய 2000ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அது விரும்புவோருக்கு வழிவிடும் சட்டமே தவிர எவரையும் கட்டாயப்படுத்துவதன்று என விளக்கியது. இச்சட்டத் தத்தில் பிள்ளை பெற்ற பிள்ளையாகவே கருதப்படும்; பிறந்த குடும்பத்துடன் சட்ட உறவு அறுந்துபோகும். ஷரீஅத்தின் நிலை இதுவன்று என்பதை உணர்ந்து, ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் ஆலோசித்தே எவரும் முடிவெடுக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து யாரோ பெற்ற சிசுவை வாங்கி வந்து, பிறப்புச் சான்றிதழில் தாமே பெற்றதாக எழுதிவிடுவது சட்டத்திலும் குற்றம். மார்க்கத்திலும் பொய்ச் சாட்சி. கைவிடப்பட்ட குழந்தை கண்ணில் பட்டால் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ அறிவித்துவிட வேண்டும்.

மகளா, வேலைக்காரியா?

இறுதியாக ஒன்று. ஏழை உறவினரின் பெண் குழந்தையை 'வளர்க்கிறோம்' என்று அழைத்து வருகின்றனர் சில செல்வர். தம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்ல, அவள் பாத்திரம் தேய்க்கிறாள். தம் பிள்ளைகள் உண்டு மிச்சம் வைத்ததை அவள் உண்ணுகிறாள். பெருநாளுக்குப் பழைய உடுப்பு. இது கஃபாலத் அன்று. கூலி கொடாத ஊழியம். அனாதையை அடக்கி ஒடுக்காதீர் என 93ஆம் அத்தியாயத்தில் தடுத்த அல்லாஹ், இதைப் பற்றி விசாரிக்காமல் விடுவானா?

பெற்றவர்களும் வளர்க்கலாம், பெறாதவர்களும் வளர்க்கலாம். பெற்ற பிள்ளையும் நமக்குச் சொந்தமன்று; வளர்த்த பிள்ளையும் நமக்குச் சொந்தமன்று. இரண்டும் அமானிதமே. பெயரில் உண்மையும், உணவிலும் கல்வியிலும் பரிவிலும் குறையின்மையும் இருக்கும் வீட்டில் அந்த அமானிதம் பாதுகாக்கப்படுகிறது. இன்று வஸிய்யத் எழுதாதவர் எழுதட்டும். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லாதவர் கனிவுடன் சொல்லட்டும்.

பிள்ளையற்றோருக்கு ஸாலிஹான சந்ததியையும், அனாதைகளுக்கு இரக்கமுள்ள இல்லங்களையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.